அம்மாவின் முழங்கால் வலிக்கு பி.இ.எம்.எஃப். காந்தப் படுக்கை வாங்கலாமா, அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கும்போது?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு 66 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, மின்காந்தத் துடிப்பு தரும் படுக்கையில் தினமும் அரை மணி நேரம் படுக்க வைக்கிறார்கள். அம்மாவுக்கு வலி குறைந்த மாதிரி இருக்கிறது. இப்போது அதே படுக்கையை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கச் சொல்கிறார்கள். பக்கவிளைவே கிடையாது, நாசாவே பயன்படுத்துகிறது என்கிறார்கள். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, இருவரும் ஒரே கட்டிலில்தான் தூங்குகிறார்கள். வாங்கலாமா, ஆபத்து ஏதும் உண்டா?

முதலில் நேரடியான பதில். உங்கள் அப்பா அந்தப் படுக்கையில் படுக்கக் கூடாது, அது ஓடும்போது பக்கத்தில் படுத்திருக்கவும் கூடாது. இதய மருத்துவரிடம் கேட்கும் வரை அந்தக் கருவி உங்கள் வீட்டுக்குள் வரவே வேண்டாம். அம்மாவைப் பொறுத்தவரை, முகாமில் பயன்படுத்தியது பெரும்பாலும் பலம் குறைந்த கருவியாக இருக்கும், அதனால் நேரடிக் கெடுதல் வர வாய்ப்பு குறைவு. ஆனால் சர்க்கரை இருப்பதால் அவருக்கென்று தனியாக ஒரு கவலை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். நான் மருத்துவமனைக் கருவிகளோடு வேலை செய்யும் பயோமெடிக்கல் இன்ஜினியர், மருத்துவர் இல்லை. கருவி என்ன செய்கிறது, எதோடு மோதுகிறது என்பதை என்னால் விளக்க முடியும். உங்கள் பெற்றோர் உடம்புக்கு எது சரி என்பதை அவர்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பி.இ.எம்.எஃப். என்பது ஒரே கருவியின் பெயர் இல்லை. ஒரு கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டு விட்டுச் செலுத்தினால் அதைச் சுற்றி காந்தப்புலம் எழுந்து விழும். மாறுகிற காந்தப்புலம் பக்கத்தில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும், இது 1831-இல் ஃபாரடே கண்டது, பள்ளியில் எல்லோரும் படித்தது. நம் உடம்பும் உப்புநீர் நிறைந்த கடத்திதான், ஆகவே திசுக்களுக்குள் சிறு மின்புலம் உண்டாகிறது. இந்தத் தத்துவத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் அந்த நான்கு எழுத்தை ஒட்டி விடுகிறார்கள். சைக்கிளையும் லாரியையும் வண்டி என்ற ஒரே சொல்லால் அழைத்துவிட்டு, வண்டி ஆபத்தானதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

எண்களைப் பார்த்தால் புரியும். காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிடெஸ்லா, பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. வீட்டுக்கு விற்கும் படுக்கைகள் பலவற்றின் புலம் இதே அளவிலோ, இதைவிடச் சில மடங்கு அதிகமாகவோதான் இருக்கும். எலும்பு கூடாத முறிவுக்கு எலும்பியல் மருத்துவர்கள் எழுதித் தரும் கருவிகள் ஒன்றிரண்டு மில்லிடெஸ்லா, அதாவது 10, 20 காஸ் அளவில் வேலை செய்பவை. சிறுநீர் கசிவுக்கு இடுப்புத் தசையைச் சுருங்க வைக்கும் காந்த நாற்காலியும், மனச்சோர்வுக்கு மண்டையோட்டின் மேல் வைக்கும் டி.எம்.எஸ். கருவியும் ஒன்றிரண்டு டெஸ்லா வரை போகும், அதாவது எலும்புக் கருவியைப் போல ஆயிரம் மடங்கு. எம்.ஆர்.ஐ. இயந்திரங்களின் காந்தமும் 1.5 அல்லது 3 டெஸ்லாதான். குதிரைகளுக்கு என்று தொடங்கி மனிதர்களுக்கும் பயன்படுத்தப்படும் வளையக் கருவிகள் சில உண்டு, போட்டால் தசை தானாகத் துள்ளும். இவ்வளவுக்கும் பெயர் ஒன்றுதான். அதனால் "பி.இ.எம்.எஃப்.-க்குப் பக்கவிளைவு இல்லை" என்று ஒருவர் பொதுவாகச் சொன்னால், எந்தக் கருவியைப் பற்றிச் சொல்கிறார் என்பதே தெரியாது.

உச்ச பலம் மட்டும் தெரிந்தாலும் போதாது. உடம்பில் தூண்டப்படும் மின்புலத்தைத் தீர்மானிப்பது காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. 20 காஸ் வரை மெதுவாக ஏறி இறங்கும் துடிப்புக்கும், அதே 20 காஸை ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் எட்டிவிடும் துடிப்புக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. விற்பனைத் தாளில் ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதைப் போட்டிருப்பார்கள், காஸ் போட்டிருப்பார்கள், துடிப்பு எழும் நேரம் அநேகமாக இருக்காது. கேட்டால் பதில் வருகிறதா என்று பாருங்கள், அந்தக் கருவியைத் தயாரித்தவருக்கு அதைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, பேஸ்மேக்கருக்கு வருகிறேன். இதைச் சற்று நீளமாகச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கேள்வியில் உயிரோடு சம்பந்தப்பட்ட பகுதி இதுதான், முகாமில் இதைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

பேஸ்மேக்கர் சும்மா துடிப்பை அனுப்பிக்கொண்டே இருப்பதில்லை. பெரும்பாலான நேரம் அது கவனித்துக்கொண்டிருக்கிறது. இதயம் தானாகத் துடித்தால் விட்டுவிடும், துடிக்கவில்லை என்றால் ஒரு துடிப்பைக் கொடுக்கும். கவனிப்பதற்கு அது பயன்படுத்துவது இதயத்துக்குள் போயிருக்கும் லீட் என்ற கம்பியை. அந்தக் கம்பியில் வரும் இதயச் சமிக்ஞை சில மில்லிவோல்ட் மட்டுமே. மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பி இருந்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே கம்பிதான் இது. தூண்டப்பட்ட அந்தச் சிறு மின்னழுத்தத்தைக் கருவி இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், இதயம் துடிக்கிறது, நான் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ளும். சொந்தத் துடிப்பு கொஞ்சமாவது இருப்பவருக்கு லேசான தலைசுற்றலோடு போகலாம். முழுக்க பேஸ்மேக்கரையே நம்பியிருப்பவருக்கு இதயம் நின்றுபோவதற்குச் சமம், சில விநாடிகளில் மயங்கி விழுவார்.

கருவிகளில் இதற்குத் தற்காப்பு உண்டு. வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் போல இடைவிடாமல் வரும் இரைச்சலை இன்றைய பேஸ்மேக்கர்கள் அடையாளம் கண்டுகொண்டு, எதையும் கவனிக்காமல் நிலையான வேகத்தில் துடிப்பு கொடுக்கும் நிலைக்கு மாறிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், பி.இ.எம்.எஃப். கருவிகள் பலவும் வேலை செய்வது விநாடிக்கு ஒன்று, இரண்டு, மூன்று துடிப்பு என்ற மெதுவான வேகங்களில். விநாடிக்கு இரண்டு என்றால் நிமிடத்துக்கு 120. அது இரைச்சல் போல இருக்காது, இதயம் போலவே இருக்கும். குறைந்த ஹெர்ட்ஸ் என்றால் மென்மையானது, பாதுகாப்பானது என்று சொல்லி விற்கிறார்கள், பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அந்தக் குறைந்த ஹெர்ட்ஸே குழப்பத்தை அதிகமாக்கக் கூடியது.

இன்னொரு வழியும் உண்டு. பேஸ்மேக்கரின் மேல் காந்தத்தை வைத்தால் அது வேறு முறைக்கு மாறும்படி வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள், மருத்துவமனையில் பரிசோதிக்கப் பயன்படும். அதற்கு எம்.ஆர்.ஐ. அளவு காந்தம் தேவையே இல்லை, சுமார் 10 காஸ் போதும். எம்.ஆர்.ஐ. அறைகளில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் தாண்டக் கூடாது என்று பல வருடங்களாகப் போட்டு வந்த கோடு 5 காஸ் கோடு. ஐ.சி.டி. என்ற அதிர்ச்சி தரும் கருவி வைத்திருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். காந்தம் பட்டால், ஆபத்தான துடிப்பு வரும்போது கொடுக்க வேண்டிய அதிர்ச்சியை அது கொடுக்காமல் விட்டுவிடலாம். அல்லது, தூண்டப்பட்ட சமிக்ஞையைத் தாறுமாறான இதயத் துடிப்பு என்று நினைத்து, நல்ல நினைவோடு படுத்திருப்பவருக்கு அதிர்ச்சி கொடுக்கலாம். 2021-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஐபோன் 12-ஐ ஒருவரின் மார்பில் ஐ.சி.டி. மேல் வைத்துப் பார்த்தபோது, அதன் காந்தத்தால் ஐ.சி.டி.-யின் சிகிச்சைச் செயல்பாடு நின்றது. அதே வருடம் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ. அமைப்பு இப்படிப்பட்ட போன்களையும் கடிகாரங்களையும் உடலுக்குள் வைத்த கருவியிலிருந்து 6 அங்குலமாவது தள்ளி வைக்கச் சொன்னது. ஒரு போனுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், உடல் முழுக்கப் படும்படி சுருள்கள் தைத்த படுக்கைக்கு எவ்வளவு வேண்டும்!

ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சிறிய சுருளிலிருந்து விலகிப் போனால் புலம் வேகமாகக் குறையும், கொஞ்சம் தள்ளிய பிறகு தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் அது சுருளின் அளவைவிட அதிகத் தூரம் போன பிறகுதான். ஆள் நீளத்துக்கு இருக்கும் படுக்கையில் சுருள்களும் பெரியவை, ஒரு முழம் தள்ளிப் படுத்தால் புலம் அவ்வளவாகக் குறைந்திருக்காது. அதனால் பக்கத்தில்தானே, மேலே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அம்மா பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் வேறு அறையில், அப்பா அங்கே இல்லாதபோது. இரவு முழுக்க ஓடவிடும் முறை உங்கள் வீட்டுக்கு ஆகாது.

பேஸ்மேக்கர் வைத்தபோது அப்பாவுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்திருப்பார்கள், அதில் நிறுவனம், மாடல் எண் இருக்கும். காந்தப் படுக்கையின் விவரத் தாளையும் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு பேஸ்மேக்கர் பரிசோதனைக்குப் போகும் இடத்தில் காட்டுங்கள். அப்பா எந்த அளவுக்கு அந்தக் கருவியை நம்பியிருக்கிறார், அதன் லீட் எந்த வகை, என்ன அமைப்பில் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முகாமில் வேலை செய்பவர் "பேஸ்மேக்கர் உள்ளவர்களும் படுத்திருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லலாம். அவர்களில் பலருக்குச் சொந்தத் துடிப்பு இருந்திருக்கும், அதனால் எதுவும் தெரிந்திருக்காது. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

உடம்புக்குள் காந்தத்தால் பாதிக்கப்படக்கூடிய கருவி என்றால் பேஸ்மேக்கர் மட்டும் இல்லை. காது கேட்க வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட், முதுகுத்தண்டு அல்லது மூளைத் தூண்டி, மருந்து பம்ப், மூளை நீரை வடிக்க வைக்கும் ஷன்ட் குழாய், எல்லாவற்றுக்கும் இதே தடைதான். ஷன்டில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. பல ஷன்ட் வால்வுகளின் அழுத்தத்தை மருத்துவர் வெளியிலிருந்து காந்தத்தால்தான் திருகி அமைக்கிறார், ஆகவே வேறு காந்தம் அந்த அமைப்பை மாற்றிவிடலாம். சர்க்கரைக்கு இன்சுலின் பம்ப், ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்கள் அதன் கையேட்டில் காந்தப்புலம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பி.இ.எம்.எஃப். என்ற பெயரிலேயே 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைத் துடிப்பாகத் தரும் கருவிகளும் இருக்கின்றன. பிசியோதெரபி அறைகளில் ரேடியோ அலையால் திசுவைச் சூடாக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மியின் அதே அலைவரிசை. பலம் மிகக் குறைந்த ஒட்டுப் பட்டைகளும் இதில் உண்டு, திசுவைச் சூடாக்கும் பெரிய இயந்திரங்களும் உண்டு. 2001-இல் ஒரு நரம்பியல் ஆய்விதழில் வந்த நிகழ்வை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். பார்க்கின்சன் நோய்க்கு மூளைக்குள் மின்முனைகள் வைத்திருந்த ஒருவருக்கு, வாயில் அறுவை சிகிச்சை செய்த பிறகு டயதெர்மி கொடுத்திருக்கிறார்கள். லீட் கம்பி அந்த ஆற்றலை வாங்கி மின்முனை வழியாக மூளைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. மூளைத்தண்டு நிரந்தரமாகச் சேதமடைந்து அவர் நினைவற்ற நிலைக்குப் போய்விட்டார். சிகிச்சை கொடுத்த இடம் முகம், சேதமானது மூளை. 2002-இல் எஃப்.டி.ஏ., உள்ளே லீட் கம்பி வைத்த யாருக்கும், உள்ளே இருக்கும் கருவியை அணைத்திருந்தாலும்கூட, ஷார்ட்வேவ், மைக்ரோவேவ் டயதெர்மி கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தது. கருவியை எடுத்துவிட்டு லீட் மட்டும் உள்ளே விட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மின்னணு இல்லாத வெறும் உலோகம் வேறு கதை. முறிவுக்குப் போட்ட தகடு, கம்பி, செயற்கை முழங்கால், இதய ஸ்டென்ட் இவை டைட்டானியம், கோபால்ட்-குரோமியம், மருத்துவ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளில் செய்தவை, காந்தத்தால் இழுக்கப்படுபவை இல்லை என்றே சொல்லலாம். எலும்பு ஒட்டும் கருவிகளைத் தகடு போட்ட காலின் மேலேயேதான் மாட்டுகிறார்கள். பலம் குறைந்த படுக்கையால் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. டெஸ்லா அளவு கருவியிலும் டயதெர்மியிலும் உலோகம் சூடாகலாம், அங்கே கேட்காமல் படுக்கக் கூடாது. மூளை இரத்தக் குழாய்க்குப் போட்ட பழைய கிளிப் என்ன உலோகம் என்று தெரியாவிட்டால் எந்தக் கருவியும் வேண்டாம்.

இனி உங்கள் அம்மா. சர்க்கரை பல வருடமாக இருந்தால் காலில் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் படுக்கைகள் பலவற்றில் காந்தத்தோடு அகச்சிவப்புச் சூட்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், கற்கள் பதித்து அதற்குக் கீழே ஹீட்டர். சூடு தெரியாத கால் அதன்மேல் முக்கால் மணி நேரம் கிடந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், சர்க்கரைக் காலில் ஒரு கொப்புளம் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். காந்தத்தைவிட இந்தச் சூடுதான் அம்மாவுக்கு நடைமுறை ஆபத்து என்று எனக்குப் படுகிறது. பாத உணர்ச்சியை மருத்துவர் சின்ன நைலான் இழையால் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார், ஐந்து நிமிட வேலை, படுக்கை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதைச் செய்துவிடுங்கள். முகாமில் படுத்த பிறகு பாதத்தையும் குதிகாலையும் நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் பிளக். மின்சாரக் கருவியின் மேல் உடம்பு முழுவதையும் கிடத்துகிறோம், வேர்வையோடு. பெயர் தெரியாத அடாப்டர், எர்த் இல்லாத பிளக் பாயின்ட், மடித்து மடித்து உள்ளே உடைந்த ஒயர், இவை காந்தத்தைப் போல விவாதத்துக்கு உரியவை இல்லை, ஷாக் அடித்தால் அடித்ததுதான். மருத்துவ மின்கருவிகளுக்கு ஐ.இ.சி. 60601 என்ற பாதுகாப்புத் தரம் இருக்கிறது, உடம்பில் கசியும் மின்னோட்டம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பது உட்பட. அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்கலாம், தர வேண்டியது விற்பவரின் பொறுப்பு.

வேறு யாரெல்லாம் விலக வேண்டும்? கர்ப்பிணிகள், ஏனென்றால் அவர்களை வைத்து முறையாகச் சோதித்ததே இல்லை. எலும்பு வளர்ச்சி முடியாத குழந்தைகளும் அதே காரணத்துக்காக. வலிப்பு உள்ளவர்கள் தலைப்பக்கம் பலமான துடிப்பு எதையும் வைக்கக் கூடாது, டி.எம்.எஸ். சிகிச்சையில் வலிப்பு வருவது மிக அரிது என்றாலும் அறியப்பட்ட விளைவு, அதனால்தான் அதை மருத்துவக் கண்காணிப்பில் செய்கிறார்கள், சத்தத்துக்குக் காதில் அடைப்பான் வைத்துச் செய்கிறார்கள். இரத்தக் கசிவு இருப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மாற்று உறுப்பு வைத்து எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், இவர்களுக்குக் கெடுதல் நிரூபணமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இந்தத் துடிப்புகள் இரத்த ஓட்டத்தையும் செல் வளர்ச்சியையும் தூண்டும் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். அது உண்மையானால், தூண்டக் கூடாத இடத்திலும் தூண்டும் என்று எண்ணி விலகியிருப்பதே சரி.

காந்தப்புலத்தால் புற்றுநோய் வருமா என்று பலர் கேட்பார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. 2002-இல் மின்கம்பி போன்றவற்றிலிருந்து வரும் குறைந்த அலைவரிசைக் காந்தப்புலத்தை 2பி என்ற பிரிவில் வைத்தது. புற்றுநோயை உண்டாக்கக் கூடும், ஆதாரம் வலுவாக இல்லை என்று அதற்கு அர்த்தம். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றிய கணக்கெடுப்புகளை வைத்து அப்படிச் சொன்னார்கள். வருடக்கணக்கில் இரவு பகலாகப் படும் புலம் பற்றிய பேச்சு அது. அரை மணி நேரச் சிகிச்சைக்கு அதை அப்படியே நீட்ட முடியாது, ஆனால் எட்டு மணி நேரம் ஓடவிட்டுத் தூங்கலாம் என்பதற்கும் எந்த ஆதாரமும் இல்லை. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேசக் குழுவின் 2010 வழிகாட்டி பொதுமக்களுக்கு 50 ஹெர்ட்ஸ் புலத்தில் 200 மைக்ரோடெஸ்லா வரை என்கிறது. நோயாளிக்கு மருத்துவர் கொடுக்கும் சிகிச்சைக்கு அந்த வரம்பு கிடையாது, பக்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு உண்டு. அந்த வரம்பும் பேஸ்மேக்கர் உள்ளவர்களைக் காக்கும் என்று சொல்லப்பட்டது இல்லை.

இவ்வளவு எச்சரிக்கையும் ஒரு பலனுக்காகத்தானே, பலன் உண்டா? இது முழுப் புரளி இல்லை. எலும்பை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகிறது என்று 1957-இல் ஜப்பானில் ஃபுகாடாவும் யாசுடாவும் காட்டினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலும்பு மருத்துவர் ஆண்ட்ரூ பாசெட் 1970-களில் அதை வைத்து, கூடாத எலும்புக்குக் காந்தத் துடிப்பு கொடுக்கும் முறையை உருவாக்கினார், 1979-இல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. கழுத்து எலும்பு இணைப்பு அறுவைக்குப் பிறகு துணையாகப் பயன்படுத்த 2004-இல் அனுமதி வந்தது. ஆனால் எதிர்ப்பக்க ஆய்வுகளும் இருக்கின்றன, அவை விளம்பரத்தில் வருவதில்லை. 1984-இல் இங்கிலாந்தில் ஆண்டனி பார்க்கர் குழு, கூடாத கால் எலும்பு உள்ள 16 பேரில் சிலருக்கு உண்மையான கருவியும் சிலருக்கு ஓடாத போலிக் கருவியும் கொடுத்துப் பார்த்தது. இரண்டு பக்கமும் எலும்பு கூடியது, வித்தியாசம் தெரியவில்லை, காலை அசைக்காமல் வைத்திருந்ததே வேலை செய்திருக்கலாம் என்று எழுதினார்கள். காந்தம் என்றாலே ஆகாதவர் இல்லை இந்த பார்க்கர், அடுத்த வருடமே டி.எம்.எஸ். முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 2011-இல் ஆஸ்திரேலியாவில், புதிதாகக் கால் எலும்பு முறிந்த 259 பேரிடம் செய்த ஆய்விலும் மறு அறுவை சிகிச்சை குறையவில்லை.

மூட்டுத் தேய்மானத்துக்கு வந்தால், 2013-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளை, 636 பேரை, சேர்த்துப் பார்த்தது. போலிக் கருவியைவிட உண்மைக் கருவியில் வலி 100-க்கு 15 புள்ளி போலக் கூடுதலாகக் குறைந்தது. நடப்பது, படியேறுவது போன்ற செயல்பாட்டில் தெளிவான முன்னேற்றம் இல்லை. பக்கவிளைவிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே உங்கள் அம்மாவுக்கு வலி குறைந்தது பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். தினமும் அரை மணி நேரம் ஓய்வாகப் படுத்தது, சூடு, நாலு பேரோடு பேசியது, முழங்கால் வலி இயல்பாகவே ஏறி இறங்குவது, கொஞ்சம் காந்தமும், எல்லாம் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஆய்வுகளில் பயன்படுத்திய கருவி வேறு, மண்டபத்தில் இருக்கும் கருவி வேறு, ஒன்றின் முடிவை மற்றொன்றுக்குக் கடன் வாங்கக் கூடாது. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கும் எடை குறைப்புக்கும் இதைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது, அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு சிறு பங்குக்கு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் பல மாதம் போகலாம்.

நாசா பற்றி. 2003-இல் நாசா ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது உண்மை. அதில் சோதித்தது ஆய்வகத்தில் வளர்த்த மனித நரம்பு செல்களை. மூட்டு வலிக்காரர் யாரையும் அதில் சேர்க்கவில்லை, கல்யாண மண்டபத்துப் படுக்கைக்கு அது சான்று ஆகாது. செல்லின் மின்னழுத்தம் குறைவதுதான் எல்லா நோய்க்கும் காரணம், நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் பெயரையும் சொல்வார்கள். அவருக்கு 1931-இல் பரிசு கிடைத்தது செல்கள் மூச்சுவிட உதவும் நொதி பற்றிய ஆய்வுக்கு.

நான் உண்மையில் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. இப்படிப்பட்ட முகாம்களில் ஒரு கட்டத்தில் "மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துங்கள்" என்ற பேச்சு வரும். அம்மாவின் சர்க்கரை மாத்திரையையோ அப்பாவின் இதய மருந்தையோ யாராவது தொட்டால் அன்றோடு அந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிடுங்கள். படுத்த பிறகு தலைசுற்றல், படபடப்பு, வலி அதிகமானது என்று சொன்னால் "நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது, கருவியை நிறுத்த வேண்டிய அறிகுறி அது. முழங்கால் திடீரென்று சூடாகி வீங்கினால், காய்ச்சல் சேர்ந்தால், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால், படுக்கைக்குப் போகாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூட்டில் கிருமித் தொற்று என்றால் சில நாள் தாமதமே மூட்டைக் கெடுத்துவிடும், காலில் இரத்தக் கட்டி என்றால் அது நுரையீரலுக்குப் போகக் கூடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். உச்ச புலம் எத்தனை காஸ், எந்த இடத்தில் அளந்தது, எத்தனை ஹெர்ட்ஸ், துடிப்பு எழும் நேரம் என்ன, சூடு எத்தனை டிகிரி வரை, தானாக அணையுமா, யாரெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்ற பட்டியல் கையேட்டில் இருக்கிறதா. யாருக்குமே தடை இல்லை என்று ஒரு கையேடு சொன்னால் அந்தக் கருவியை வாங்காதீர்கள். இந்தியாவில் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி கருவிகளை ஆபத்தின் அளவுக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று வகைப்படுத்துகிறார்கள். 2020 ஏப்ரல் முதல், நோயைக் குணப்படுத்தவோ குறைக்கவோ என்று விற்கும் எல்லாக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆகவே எந்த வகை, உரிம எண் என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. சி.டி.எஸ்.சி.ஓ. என்ற மத்திய அமைப்பும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும்தான் இதைப் பார்ப்பவை. "இது மருத்துவக் கருவி இல்லை, ஆரோக்கியப் பொருள்" என்று பதில் வந்தால், அப்புறம் எப்படி மூட்டுத் தேய்மானம் குணமாகும் என்று சொல்லி விற்கிறீர்கள் என்று கேளுங்கள். சர்க்கரை, புற்றுநோய், இரத்த அழுத்தம், இதய நோய் குணமாகும் என்று நோட்டீஸில் போட்டிருந்தால் 1954-ஆம் வருடத்து மாயத் தீர்வு விளம்பரத் தடைச் சட்டப்படியே அது குற்றம். அந்த நோட்டீஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் ஏதும் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதோடு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கருவியால் யாருக்காவது உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால், மருத்துவக் கருவிகளின் கெடு விளைவுகளைப் பதிவுசெய்ய காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணை வைத்திருக்கிறது, மருத்துவர் மட்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அப்பா முகாமுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் காத்திருப்பவராக இருந்தால், நாளையிலிருந்து வாசலுக்கு வெளியே உட்காரச் சொல்லுங்கள், இதுவரை அங்கே இருந்தபோது தலைசுற்றல், கண் இருட்டுவது போல ஏதாவது வந்ததா என்றும் கேளுங்கள். வந்திருந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் பேஸ்மேக்கரை உடனே சோதித்துவிடுங்கள், அந்த நாட்களில் தாறுமாறாக ஏதாவது நடந்திருந்தால் கருவியின் நினைவகத்திலேயே பதிந்திருக்க வாய்ப்பு உண்டு.